கன்சோலா, கம்ப்யூட்டரா: கேமிங் கேள்வி பதில்

சோனியின் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) கன்சோலையும் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரையும் எடை போட்டுப் பார்க்கும் கடிதங்களே இந்த முறை அதிகம். ஆகவே பக்கம் முழுவதும் அவற்றுக்கே.

கே: பட்ஜெட் 60,000 ரூபாய். பிஎஸ்5 வாங்கினால் கிராபிக்ஸ் நன்றாக இருக்குமா, அதே பணத்துக்கு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தால் நன்றாக இருக்குமா? வீட்டில் 43 அங்குல 4கே டிவி இருக்கிறது.
– வாசகர், திருப்பூர்

ப: கடைசி வரியில் நீங்களே பதிலை எழுதிவிட்டீர்கள். 4கே டிவி ஏற்கெனவே இருந்தால், கேம் விளையாடுவது மட்டுமே நோக்கம் என்றால், பிஎஸ்5.

காரணம் இதுதான். பிஎஸ்5-இல் இருப்பது ஏஎம்டியின் ஆர்டிஎன்ஏ 2 வகை கிராபிக்ஸ்: 36 கம்ப்யூட் யூனிட் (கணக்கு போடும் பகுதி), அதிகபட்சம் 2.23 கிகாஹெர்ட்ஸ். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் கார்டுகளில் இதே 36 யூனிட்டோடு வந்தது ஆர்எக்ஸ் 6700. ஆகவே அந்தக் கார்டோ, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 போல அதையொட்டிய ஒன்றோ இருந்தால்தான் பிஎஸ்5-ஓடு தோளுரசி நிற்க முடியும். கார்டோடு செலவு முடிவதில்லை. ஆறு கோர் பிராசஸர், மதர்போர்டு, 16 ஜிபி ராம், 1 டிபி என்விஎம்இ ஸ்டோரேஜ், தரமான எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி), கேபினெட், விண்டோஸ் லைசென்ஸ், கீபோர்டு, மவுஸ் என்று வரிசை நீளும். 2025 இறுதியில் ராம் விலை எகிறிய பிறகு இத்தனையையும் 60,000-க்குள் அடக்கப் பார்த்தால், பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்ஸின் தரத்தில்தான் கத்தி விழும். கடைசியாகக் கை வைக்க வேண்டிய இடம் அது. பிஎஸ்5 ஸ்லிம் 2024 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் மாடல் 54,990, டிஜிட்டல் மாடல் 44,990 ரூபாய். ஒரே பெட்டியைக் கோடிக்கணக்கில் தயாரிப்பதால் வரும் மலிவு அது. பெட்டியில் விடும் லாபத்தை சோனி பின்னால் கேம் விற்பனையிலும் சந்தாவிலும் எடுத்துக்கொள்கிறது.

அந்தப் பின்னால் வரும் கணக்கையும் போட்டுப் பாருங்கள். சோனியின் சொந்தத் தயாரிப்புகள் பிஎஸ்5-இல் 4,999 ரூபாய்க்கு வந்திருக்கின்றன. விலை கொடுத்து வாங்கிய கேமை ஆன்லைனில் மற்றவர்களோடு ஆட பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேண்டும் (ஃபோர்ட்நைட் போன்ற இலவச கேம்களுக்கு வேண்டாம்). கம்ப்யூட்டரில் அந்தச் சந்தாவே கிடையாது. கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் ரூபாய் விலையும் அடிக்கடி தள்ளுபடியும் உண்டு. சமமான கம்ப்யூட்டருக்கு 25,000 ரூபாய் கூடுதலாகிறது, ஒரு கேமுக்குச் சராசரியாக 1,500 மிச்சமாகிறது என்று வையுங்கள். பதினேழாவது கேமில்தான் கணக்கு நேராகும். வருடத்துக்கு இரண்டு மூன்று கேம் வாங்குபவருக்கு அது எட்டாத தூரம். மாதம் ஒன்று வாங்குபவருக்கு ஒன்றரை வருடம். டிஸ்க் மாடல் வாங்கி, ஆடி முடித்த டிஸ்க்கை விற்றுவிடும் பழக்கம் இருந்தால் இந்தக் கணக்கு மறுபடி கன்சோல் பக்கம் சாயும். டிஜிட்டல் மாடலில் அந்த வழி அடைபட்டுவிடும் என்பதால், 10,000 ரூபாய் வித்தியாசம் பார்வைக்குத் தெரிவது போல லாபம் இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு. நீங்கள் ஆடுவது வேலரண்ட், சிஎஸ்2 வகை போட்டித் துப்பாக்கி கேம்கள் என்றால் பிஎஸ்5 பேச்சே வேண்டாம். சிஎஸ்2 கன்சோலில் கிடையவே கிடையாது. அவற்றுக்குச் சாதாரண கார்டும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் போதும்.

கே: ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 12.7 டெராஃப்ளாப்ஸ். பிஎஸ்5 வெறும் 10.28. அப்படியானால் 3060 தானே பெரியது?
– வாசகர், திருச்சி

ப: இல்லை. ஒரே குடும்பத்து சிப்புகளை ஒப்பிட மட்டுமே டெராஃப்ளாப்ஸ் (நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்கு என்ற அளவு) உதவும். என்விடியா 30 வரிசையில், முழு எண் கணக்கு மட்டும் செய்துகொண்டிருந்த பாதையைத் தசம எண் கணக்கும் செய்யும்படி மாற்றியது. காகிதத்தில் எண் இரட்டிப்பானது, கேமில் வேகம் அந்த அளவுக்கு ஏறவில்லை. என்விடியாவுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது: 2080 டிஐ 13.4 டெராஃப்ளாப்ஸ், 3070 கார்டு 20.3. கேமில் இரண்டும் ஏறக்குறைய சமம். பழைய கணக்கில் வந்த 10-உம் புதிய கணக்கில் வந்த 12-உம் வேறு வேறு அளவுகோல்கள்.

ரே டிரேசிங் (ஒளி பட்டுத் தெறிப்பதைக் கணக்கிட்டு வரைவது) இல்லாத கேம்களில் பிஎஸ்5 3060-க்கு இணையாகவோ சற்று மேலாகவோ ஓடும். ரே டிரேசிங்கைப் போட்டுவிட்டால் 3060 முந்தும். குறைந்த புள்ளிகளில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ்-உம் 3060-க்குத்தான் இருக்கிறது.

ஒப்பிடும்போது பலரும் செய்யும் இன்னொரு தவறு, கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் அல்ட்ராவில் வைத்து, டிஎல்எஸ்எஸ்-ஐ அணைத்துவிட்டு, "என் கார்டு 4கே-வில் திணறுகிறது, பிஎஸ்5 60 எஃப்பிஎஸ் (நொடிக்கு 60 படம்) தருகிறது" என்பது. 1080பி திரையில் 20.7 லட்சம் புள்ளிகள், 1440பி-யில் 36.9 லட்சம், 4கே-வில் 82.9 லட்சம். வேகத்துக்கு முன்னுரிமை தரும் பெர்ஃபார்மன்ஸ் மோடில் கன்சோல் இந்த 82.9 லட்சத்தையும் வரைவது அபூர்வம். 1440பி அல்லது அதற்கும் கீழே வரைந்து பெரிதாக்கிக் காட்டுகிறது. நிழல், புல், பிரதிபலிப்பு போன்றவை கம்ப்யூட்டரின் மீடியத்துக்கும் ஹைக்கும் நடுவில் இருக்கும். நியாயமாக ஒப்பிட, செட்டிங்கை ஹையில் வையுங்கள், 4கே-வில் டிஎல்எஸ்எஸ் அல்லது ஏஎம்டியின் அதே வகை எஃப்எஸ்ஆர் 'குவாலிட்டி' போடுங்கள். அதுவும் உள்ளுக்குள் 1440பி-யில்தான் வரைகிறது.

கே: 8 ஜிபி கார்டு போதும் என்கிறார் கடைக்காரர். 12 அல்லது 16 ஜிபி அவசியமா?
– வாசகர், சேலம்

ப: 1080பி மானிட்டருக்கு, அதுவும் விலை கணிசமாகக் குறைந்தால் மட்டும், 8 ஜிபி. 1440பி-க்கு 12 ஜிபிக்குக் கீழே வேண்டாம்.

பிஎஸ்5-இலும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸிலும் 16 ஜிபி மெமரி. சிஸ்டத்துக்குப் போக மிச்சம் எல்லாம் கேமுக்கு. 8 ஜிபியைவிடத் தாராளமாக இடம் இருக்கும் என்ற கணக்கில்தான் டெக்ஸ்சர்களை, அதாவது பொருள்களின் மேற்பரப்புப் படங்களை, செய்கிறார்கள். 2023 மார்ச்சில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1 கம்ப்யூட்டருக்கு வந்தபோது 8 ஜிபி கார்டுகளில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. மீடியத்துக்கு இறக்கினால் சுவரும் தரையும் மெழுகு பூசியது போல மங்கின, ஹையில் வைத்தால் விக்கி விக்கி ஓடியது. அடுத்தடுத்த பேட்ச்களில்தான் சரியானது. மெமரி நிரம்பியதற்கு அடையாளம்: சராசரி எஃப்பிஎஸ் நன்றாகவே காட்டும், ஆனால் திரும்பும்போதெல்லாம் ஒரு குலுக்கல் வரும். அப்போது நிழலைக் குறைத்துப் பயனில்லை, டெக்ஸ்சரை ஒரு படி இறக்குங்கள்.

ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டுமே 8 ஜிபி, 16 ஜிபி என ஒரே பெயரில் இரண்டாக விற்கின்றன. பில்லில் எத்தனை ஜிபி என்று எழுதி வாங்குங்கள்.

கே: ரைசன் 5 5600ஜி, ஏ520 போர்டு, 16 ஜிபி ராம் (ஒரே ஸ்டிக்), ஆர்டிஎக்ஸ் 4060, 144 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டர். இத்தனை இருந்தும் நண்பனின் பிஎஸ்5 என் கம்ப்யூட்டரைவிட வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. கார்டு பழுதா?
– வாசகர், கோயம்புத்தூர்

ப: கார்டில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. சுற்றியுள்ளவை அதைக் கட்டிப்போட்டிருக்கின்றன. கீழே சொல்லும் வரிசையிலேயே பாருங்கள், முதலில் காசு செலவில்லாதவை.

மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது? கேபினெட்டின் பின்பக்கம் மேலே, யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் செருகியிருந்தால் அது மதர்போர்டின் வாய். 5600ஜி பிராசஸருக்குள்ளேயே சிறிய கிராபிக்ஸ் இருப்பதால் படம் வரும், யாருக்கும் சந்தேகமும் வராது. கீழே படுக்கைவாட்டில் இருக்கும் கார்டின் வாய்க்கு மாற்றுங்கள். முடிந்தால் எச்டிஎம்ஐ வேண்டாம், டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போடுங்கள். அடுத்து விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் 144 ஹெர்ட்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாகச் செருகிய மானிட்டர் 60-இலேயே நின்றிருக்கும். 144 ஹெர்ட்ஸ் வாங்கி வருடக்கணக்கில் 60-இல் ஆடுபவர்கள் ஏராளம்.

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி பக்கத்தைத் திறங்கள். ஸ்பீடு 2133 அல்லது 2400, 2666 என்று காட்டினால் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பி எனும் ராம் வேக அமைப்பைப் போடவில்லை. 3200 ராம் வாங்கினாலும் அதைப் போடாமல் பெரும்பாலும் அந்த வேகம் வராது. பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி என்று இருக்கும், ஆன் செய்து எஃப்10 அழுத்திச் சேமியுங்கள்.

இப்போது செலவுள்ளவை. ஒரே ஸ்டிக் ராம்தான் இங்கே பெரிய குற்றவாளி. 3200 வேகத்தில் ஒரு ஸ்டிக் நொடிக்கு 25.6 ஜிபி தரும், இரண்டு போட்டால் 51.2. இரண்டு 8 ஜிபி எப்போதும் ஒரு 16 ஜிபியை ஜெயிக்கும். இருப்பதைப் போலவே இன்னொன்று வாங்கிச் சேர்க்கலாம். போர்டில் நான்கு துளை இருந்தால் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் போட்டால் பழையபடி ஒற்றை வழிதான்.

கடைசியில் பிராசஸர். 'ஜி' என்று முடியும் 5600, பெயரில் மட்டும்தான் 5600. வெறும் 5600-இல் எல்3 கேஷ் (பிராசஸருக்குள் இருக்கும் வேக மெமரி) 32 எம்பி, இதில் 16. அதோடு 5600ஜி, கார்டை இணைக்கும் பிசிஐஇ பாதையில் 3.0 மட்டுமே பேசும். ஏ520 போர்டும் அப்படியே. 4060 கார்டு பிசிஐஇ பாதையில் 16 இருந்தும் எட்டை மட்டும் பயன்படுத்தும் வகை. 4.0-வில் அது நொடிக்கு சுமார் 16 ஜிபி, 3.0-வில் 8. 8 ஜிபி மெமரி நிரம்பி, கார்டு ராமிலிருந்து கடன் வாங்கும் நேரத்தில் இந்தப் பாதி வழி குலுக்கலாகத் தெரியும். "இப்போதைக்கு ஜி, பிறகு கார்டு போட்டுக்கொள்ளலாம்" என்று கடையில் சொல்லும் யோசனை இந்த இடத்தில்தான் வந்து கடிக்கிறது.

பிராசஸரை மாற்றுவதற்கு முன் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) பயன்பாட்டைத் திரையில் வரவையுங்கள். கேமில் 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் கார்டு முழுவதும் உழைக்கிறது, பிராசஸரைத் தொட வேண்டாம். 60, 70 என்று ஊசலாடினால் பிராசஸரோ ராமோதான் பின்னால் இழுக்கிறது. அப்போது 5600 அல்லது 5700எக்ஸ் அதே போர்டில் உட்காரும், பயாஸை மட்டும் புதுப்பித்துக்கொள்ளுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: அவற்றில் உள் கிராபிக்ஸ் இல்லை. அதன் பிறகு கேபிளை மதர்போர்டில் செருகினால் திரை கறுப்பாகவே இருக்கும்.

கே: பிஎஸ்4-இலிருந்து பிஎஸ்5-க்கு மாறினேன். 32 அங்குல டிவி. பெரிய வித்தியாசமே தெரியவில்லையே?
– வாசகர், நாகர்கோவில்

ப: டிவியின் பின்புற ஸ்டிக்கரில் 'எச்டி ரெடி' என்று இருக்கிறதா பாருங்கள். இங்கே விற்கும் 32 அங்குல டிவிகளில் ஏராளமானவை 1366×768 புள்ளிகள் மட்டுமே கொண்டவை. பிஎஸ்4 அனுப்பும் 1080பி-யையே அது முழுதாகக் காட்டியதில்லை.

டிவி நல்லதாக இருந்தாலும் இரண்டு இடம் சறுக்கும். ஒன்று, பிஎஸ்4-உம் பிஎஸ்5-உம் சேர்ந்து வந்த கேம்களில் பிஎஸ்4 பதிப்பு இறங்கியிருக்கலாம். கேமின் மீது நின்று மூன்று புள்ளி பட்டனைத் திறந்தால் எந்தப் பதிப்பு என்று காட்டும், மாற்றிக்கொள்ளலாம். இரண்டு, 4கே டிவியில் அந்த எச்டிஎம்ஐ வாய்க்கு 'என்ஹான்ஸ்டு' ஃபார்மேட்டை டிவி மெனுவில் தனியாகத் திறந்துவிட வேண்டும், கேம் மோடையும் போட வேண்டும். இல்லையென்றால் எச்டிஆர் (கூடுதல் வெளிச்ச, வண்ண வீச்சு) வராது, பட்டன் அழுத்தி அரை மூச்சு கழித்துத்தான் ஆள் குதிப்பான். பிஎஸ்5 செட்டிங்ஸில் ஸ்கிரீன் அண்ட் வீடியோ பகுதியில் உள்ள 'வீடியோ அவுட்புட் இன்ஃபர்மேஷன்' இப்போது உண்மையில் என்ன போகிறது என்று சொல்லும்.

120 ஹெர்ட்ஸ் டிவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: 40 எஃப்பிஎஸ் மோட் உள்ள கேம்களில் அதைத் தயங்காமல் எடுங்கள். 30 எஃப்பிஎஸ்ஸில் ஒரு ஃபிரேம் 33.3 மில்லிசெகண்ட், 60-இல் 16.7. இரண்டுக்கும் சரிநடு 25. அதுதான் 40 எஃப்பிஎஸ். அழகும் பெரிதாகக் குறையாது. 60 ஹெர்ட்ஸ் டிவியில் 40 சரியாக வகுபடாது என்பதால் அங்கே இந்த மோட் வராது.

கே: ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் வாங்கினால் பிஎஸ்5-ஐ முந்துமா?
– வாசகர், சென்னை

ப: எந்த லேப்டாப் என்பதைப் பொறுத்தது. ஒரே 4060 பெயரில் லேப்டாப் சிப்புக்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை கொடுக்கத் தயாரிப்பாளருக்கு உரிமை உண்டு. ஒல்லியான உடம்பில் அடக்கிய 4060-உம் தடிமனான கேமிங் உடம்பில் இருப்பதும் ஒன்றல்ல. பெட்டியில் பெரும்பாலும் எழுதியிருக்காது, தயாரிப்பாளரின் தளத்தில் 'டிஜிபி' (சிப்புக்குக் கொடுக்கும் வாட்) என்ற சொல்லைத் தேடுங்கள். 4070 லேப்டாப்புக்கு அதிகப் பணம் கொடுக்கும் முன் ஒன்று: டெஸ்க்டாப் 4070-இல் 5,888 கோரும் 12 ஜிபியும், லேப்டாப் 4070-இல் 4,608 கோரும் 8 ஜிபியும். பெயர் ஒன்றுதான், சிப் வேறு. கல்லூரி வேலைக்கும் சேர்த்து என்றால் லேப்டாப், கேமுக்கு மட்டும் என்றால் வேண்டாம்.

கே: ஜிடிஏ 6-க்காகக் கம்ப்யூட்டரா, கன்சோலா?
– வாசகர், வேலூர்

ப: ராக்ஸ்டார் அறிவித்திருப்பது பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும்தான். ஜிடிஏ 5 கன்சோலில் 2013 செப்டம்பர், கம்ப்யூட்டரில் 2015 ஏப்ரல். அதே ராக்ஸ்டாரின் ரெட் டெட் 2-க்கு ஒரு வருட இடைவெளி. பொறுமை இருந்தால் கம்ப்யூட்டர்.

கே: மின்வெட்டும் மின் கட்டணமும்தான் கவலை. எது தாங்கும்?
– வாசகர், மதுரை

ப: பிஎஸ்5 கனமான கேமில் ஏறத்தாழ 200 வாட் இழுக்கும். 4060 போட்ட கம்ப்யூட்டர் சுமார் 250, பெரிய கார்டு போட்டது 500. தினம் மூன்று மணி நேரம், இரண்டு மாத பில்லுக்கு 180 மணி நேரம் என்று வைத்தால் முறையே 36, 45, 90 யூனிட் (டிவி, மானிட்டர் தனி). முதல் இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்பதே யூனிட். ஆனால் அடுக்கு விலை என்பதால், ஏற்கெனவே அடுக்கின் விளிம்பில் இருக்கும் வீட்டில் அந்த ஒன்பதும் உறைக்கும்.

யுபிஎஸ்: கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் 600 விஏ பெட்டி வழக்கமாக 360 வாட் மட்டுமே தாங்கும். பிஎஸ்5-உம் டிவியும் அடங்கும். 4060 கம்ப்யூட்டரும் மானிட்டரும் விளிம்பில் நிற்கும், 1000 விஏ எடுப்பது நல்லது. மலிவான யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும்போது தருவது படிக்கட்டு மாதிரியான அலை. ஆக்டிவ் பிஎஃப்சி (மின்னோட்டத்தைச் சீராக்கும் சுற்று) உள்ள சில நல்ல எஸ்எம்பிஎஸ்கள் அதை ஏற்காமல் அந்த நொடியே அணைந்துவிடும். யுபிஎஸ் இருந்தும் கம்ப்யூட்டர் அணைகிறது என்ற புகாருக்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் சைன் வேவ் வகையாக இருக்கட்டும், பின்னால் உள்ள சுவிட்சை 'யுபிஎஸ்' பக்கம் தள்ளுங்கள். 'ஈகோ'வில் மாறும் நேரம் அதிகம், கேம் போய்விடும். சேமிக்கும் நொடியில் மின்சாரம் போனால் பிஎஸ்5 அடுத்த முறை ஸ்டோரேஜைச் சரிபார்த்த பிறகே திறக்கும். ஒன்றிரண்டு முறை பரவாயில்லை, வாரா வாரம் நடக்கக் கூடாது.

கே: சிங்கப்பூரிலிருந்து வரும் மாமா பிஎஸ்5 ப்ரோ வாங்கி வரட்டுமா என்கிறார்.
– வாசகர், தஞ்சாவூர்

ப: 4கே டிவி 55 அங்குலத்துக்கு மேல் இருந்தால் மட்டும் யோசியுங்கள். 2024 நவம்பரில் ப்ரோ வெளியானபோது, அதன் வைஃபை பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அனுமதி இல்லாததால் சோனி இந்தியாவை விட்டுவிட்டது. கிராபிக்ஸ் யூனிட் 36-இலிருந்து 60 ஆகியிருக்கிறது, 2 டிபி ஸ்டோரேஜ் இருக்கிறது. ஆனால் பிராசஸர் அதே பழைய ஜென் 2 தான். பிராசஸர் திணறுவதால் 30 எஃப்பிஎஸ்ஸில் நிற்கும் கேம், ப்ரோவிலும் 60 ஆகிவிடாது. டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்க வேண்டும், பழுதானால் இங்கே வாரண்டி செல்லாது, விமான நிலையத்தில் வரம்பைத் தாண்டினால் சுங்க வரி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

கே: ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய கார்டு வாங்கலாமா? ஆர்எக்ஸ் 580 மலிவாகக் கிடைக்கிறது.
– வாசகர், காஞ்சிபுரம்

ப: வாங்கலாம், ஆனால் 580-ஐ வேண்டாம். அதில் '2048எஸ்பி' என்ற வகை சந்தையில் நிறைய உலவுகிறது. பெயர் 580, உள்ளே 570-க்கு உரிய 2,048 கோர். உண்மையான 580-இல் 2,304. அதைவிடப் பெரிய சிக்கல் ரே டிரேசிங் வன்பொருள் இல்லாதது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம் அது இல்லாத கார்டில் ஓடாது, பிஎஸ்5-இல் அந்த வன்பொருள் இருக்கிறது. ஆகவே ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர், ஆர்எக்ஸ் 6600 இவற்றுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

கடையிலேயே கணினியில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்தால் கோர் எண்ணிக்கையும் மெமரி அளவும் தெரியும், போலி பயாஸ் ஏற்றிய கார்டில் பெயருக்கு முன்னாலேயே 'ஃபேக்' என்று காட்டும். பிறகு கார்டை முழுச் சுமையில் ஓட்டும் ஃபர்மார்க் மென்பொருளைப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். திரையில் வண்ணப் புள்ளிகளோ கோடுகளோ வந்தால் மெமரி போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். வெப்பம் 85 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் சிப்பின் வெப்பத்தைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கும், அது சரிசெய்யக் கூடியது, விலையைக் குறைத்துக் கேளுங்கள். விசிறிகளை விரலால் சுற்றிப் பாருங்கள், கரகரவென்று நின்றால் பேரிங் போய்விட்டது. கார்டின் பின்புற சீரியல் எண் ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் வாரண்டி பேச்சு எதுவும் செல்லாது.